களரியும் குடிப்பகையும்

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அரபிக்கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் நிலம் மலையாள நாடு. அதன் வடபகுதியை வடமலபார் என்பர். கண்ணூர், தலைச்சேரி, வடகரை முதலிய ஊர்கள் இப்பகுதியில் உள்ளன. முந்நூறு நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் இங்கே முழு நாட்டையும் ஒரு குடைக்கீழ் ஆண்ட பேரரசு இல்லை. கோலத்துநாடு, கடத்தநாடு எனப் பல சிறு நாடுகள் இருந்தன. ஒவ்வொன்றையும் ஒரு தலைவன் ஆண்டான். அவனுக்குக் கீழே செல்வாக்கு மிக்க இல்லங்கள் பல இருந்தன. நிலத்தைப் பற்றியும் பட்டத்தைப் பற்றியும் அவற்றிடையே வழக்கு எழும்போது, இரு திறத்தாரும் ஒப்புக்கொள்ளத்தக்க நீதிமன்றம் இல்லை. ஆதலின் வாளே வழக்கைத் தீர்த்தது. அந்த வாளைப் பிடிக்கும் கையைப் பயிற்றிய இடமே களரி.

போர்க்களம், ஆடுகளம் என்னும் சொற்களை அறிந்த தமிழர்க்குக் களரி என்னும் பெயர் புதிதாகத் தோன்றாது. வடமலபாரின் களரி தரைக்குமேல் எழுப்பிய மண்டபம் அன்று. தரையைத் தோண்டி அமைத்த பள்ளம் ஆகும். நாற்பத்திரண்டு அடி நீளமும் இருபத்தோரடி அகலமும் கொண்டது. ஏறத்தாழ மூன்றரை அடி ஆழமுடையது. மேலே ஓலைக்கூரை வேயப்பட்டிருக்கும். தென்மேற்கு மூலையில் ஏழு படிகளாக உயர்ந்து குறுகும் ஒரு மேடை உண்டு. அதற்குப் பூத்தறை என்று பெயர். களரிக்குள் காலடி வைக்கும் மாணவன், முதலில் குனிந்து மண்ணைத் தொட்டு வணங்குவான். பின்னர்ப் பூத்தறையையும் ஆசானையும் வணங்குவான். இவ்வணக்கம் முடிந்த பின்னரே பயிற்சி தொடங்கும்.

ஏழு வயதளவில் சிறுவர்கள் களரியிற் சேர்க்கப்பட்டனர். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டில் வாழ்ந்த துவார்த்தே பார்போசா என்னும் போர்த்துகீசியர், இவ்வழக்கத்தைத் தம் நூலில் குறித்துள்ளார். பயிற்சி நான்கு படிகளாக அமைந்தது. முதலில் மெய்த்தாரி, அஃதாவது உடலை வளைத்தும் துள்ளியும் சுழன்றும் பழக்குதல். அடுத்தது கோல்தாரி, நெடுங்கோலும் குறுங்கோலும் கொண்டு பழகுதல். மூன்றாவது அங்கத்தாரி, வாள், பரிசை, ஈட்டி, கட்டாரி ஆகியவற்றோடு, உறுமி என்னும் சுருள்வாளையும் வீசக் கற்றல். இறுதியில் வருவது வெறுங்கைப் போர். அதனோடு மர்மங்களைப் பற்றிய அறிவும் கற்பிக்கப்படும். தமிழில் வர்மம் என்று வழங்குவதும் இதுவே.

வெறுங்கைப் போரும் மர்ம அறிவும் ஏன் இறுதியில் வைக்கப்பட்டன? ஒரு விரலால் ஓர் உயிரை மாய்க்கும் வழியை அறிந்தவன், சினத்தை அடக்கவும் அறிந்தவனாக இருத்தல் வேண்டும். பல ஆண்டுகள் உடன் இருந்து, மாணவனின் குணத்தை நன்கு அறிந்த பின்னரே ஆசான் அவ்வறிவை அளித்தார். தாக்குதற்குரிய மர்மங்களைக் கற்பித்தவரே, அடிபட்டவனைப் பிழைப்பிக்கும் மருத்துவத்தையும் கற்பித்தார். எண்ணெய் பூசி உடலை உழிந்துவிடும் உழிச்சில் என்னும் முறை இன்றும் களரி ஆசான்களிடம் உண்டு. கொல்லும் கலையும் காக்கும் கலையும் ஒரே கையில் இருந்தன. எதனை எப்பொழுது வெளிப்படுத்துவது என்பதனை முடிவு செய்வதே அக்கைக்கு உரியவனின் பெருமையாகக் கருதப்பட்டது.

களரிகள் எல்லாம் ஒரே முறையைப் பின்பற்றவில்லை. அரப்புக்கை, பிள்ளதாங்கி, வட்டேன்திரிப்பு எனப் பல மரபுகள் வடமலபாரில் வழங்கின. நிற்கும் நிலையும் காலடி வைக்கும் முறையும் மரபுக்கு மரபு வேறுபட்டன. ஒவ்வொரு மரபும் தனக்கென நுட்பமான அடவுகளை வைத்திருந்தது. அவற்றைப் பிற களரியார் அறியாவண்ணம் காத்தது. எனவே, களரி என்பது பள்ளிக்கூடம் மட்டும் அன்று. அது மாணவனுக்கு இரண்டாவது குடும்பம். ஆசானுக்கு வந்த இழிவு தனக்கு வந்த இழிவு என்று அவன் எண்ணினான். தன் களரியின் பெயர் தாழாமற் காப்பதைத் தன் உயிரினும் மேலாக மதித்தான். இந்தப் பற்றுதான் களரியின் வலிமை. அதுவே அதன் இடரும் ஆயிற்று.

இரு இல்லங்களுக்கிடையே தீராத வழக்கு எழுந்தால் அங்கம் குறிக்கப்பட்டது. அங்கம் என்பது இருவர் பலர் அறியப் பொருதும் போர். வழக்காளிகள் தாமே வாளேந்துவதில்லை. தத்தம் பொருட்டுப் போரிடச் சேகவர் எனப்படும் வீரரை அமர்த்திக்கொள்வர். சேகவர் பெரும்பாலும் தீயர் குலத்தினர். களரிப் பயிற்சியில் வழிவழியாகச் சிறந்தவர். அவர்க்கு அங்கக்கிழி என்னும் பொன்முடிப்பு அளிக்கப்படும். பொருதும் இருவருள் ஒருவர் வீழ்வது உறுதி. ஆதலின் அக்கிழி பெருந்தொகையாக இருந்தது. போருக்கென உயர்ந்த மேடை ஒன்று கட்டப்படும். அதற்கு அங்கத்தட்டு என்று பெயர். நாளும் பொழுதும் குறித்து, ஊரார் சூழ்ந்து காண, இரு சேகவரும் அதன்மீது ஏறுவர். எவருடைய சேகவர் வென்றாரோ அவர் பக்கமே வழக்கும் வெல்லும்.

இவ்வழக்கம் இக்காலத்தார்க்குக் கொடிதாகவே தோன்றும். ஆயினும் அது தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. இரு இல்லங்களும் தத்தம் ஆட்களைத் திரட்டிக்கொண்டு மோதினால் நூற்றுக்கணக்கானோர் மடிவர், வயல்கள் பாழாகும், வீடுகள் எரியும். இருவர் மட்டும் பொருதால் ஓருயிரோடு பூசல் முடியும். அங்கம் என்பது பகைக்கு இட்ட வேலி எனலாம். அந்த வேலி நிற்பதற்கு இரண்டு தூண்கள் வேண்டும். ஒன்று, போர் நேர்மையாக நடத்தல். மற்றொன்று, தோற்றவர் தோல்வியை ஏற்றுக்கொண்டு பழியை அங்கேயே மறத்தல். இவ்விரண்டில் ஒன்று சாய்ந்தாலும் வேலி வீழும். அது வீழ்ந்த கதைகளைத்தான் வடக்கன் பாட்டுகள் என்னும் மலையாளக் கதைப்பாடல்கள் கூறுகின்றன.

இப்பாடல்கள் ஏட்டில் எழுதப்படாமல், நாற்று நடும் பெண்கள் முதலிய உழைக்கும் மக்களின் வாய்வழியே நெடுங்காலம் வாழ்ந்தவை. பெர்சி மக்வீன் என்னும் ஆங்கில அதிகாரி அவற்றுள் பலவற்றைத் தேடித் தொகுத்தார். சேலநாட்டு அச்சுத மேனன் பதிப்பித்த ஒரு தொகுதியைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1930களில் வெளியிட்டது. பாடல்கள் கூறும் நிகழ்ச்சிகளுக்கெல்லாம் வரலாற்றுச் சான்று கிடைப்பதில்லை. ஆயினும், அக்கால மக்கள் எதனை மானம் என்று போற்றினர், எதனைப் பழி என்று அஞ்சினர் என்பதற்கு அப்பாடல்களே நல்ல சான்று.

கடத்தநாட்டில் புத்தூரம் என்னும் வீடு புகழ்பெற்றது. அவ்வீட்டுக் கண்ணப்பச் சேகவரின் மகன் ஆரோமல், மகள் உண்ணியார்ச்சை. ஆடவரைப் போலவே பெண்களும் களரியிற் பயின்ற குடும்பம் அது. உண்ணியார்ச்சை, வழிமறித்த முரடர்களைத் தன் உறுமியால் எதிர்த்து நின்ற கதை இன்றும் மலையாள நாட்டில் வழங்குகிறது. கண்ணப்பரின் மருமகனாகிய சந்துவும் அக்களரியிலேயே வளர்ந்தான். உண்ணியார்ச்சையை மணக்க விரும்பிய அவனுக்கு அவ்விருப்பம் கைகூடவில்லை. அந்த ஏமாற்றம் அவன் உள்ளத்தில் நீறுபூத்த நெருப்பாக இருந்தது என்று பாடல் கூறும்.

அந்நாளில், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த உண்ணிக்கோனார், உண்ணிச்சந்திரோர் என்னும் இருவர்க்கிடையே குடும்பத் தலைமை யாருக்கு என்னும் வழக்கு எழுந்தது. உண்ணிச்சந்திரோர் அரிங்ஙோடர் என்னும் முதிர்ந்த சேகவரை அமர்த்தினார். பல போர் கண்ட அரிங்ஙோடருக்கு எதிராக நிற்குமாறு உண்ணிக்கோனார் ஆரோமலை வேண்டினார். ஆரோமலுக்கு அதுவே முதல் அங்கம். வேண்டி வந்தவரை வெறுங்கையோடு அனுப்புதல் சேகவர் குலத்துக்கு இழிவு; ஆதலின் அவன் இசைந்தான். போருக்குத் துணையாகச் சந்துவை அழைத்துக்கொண்டான்.

அரிங்ஙோடர் சந்துவை ஆசை காட்டித் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். கொல்லனிடம் செப்பனிடக் கொண்டு சென்ற ஆரோமலின் வாளில், இரும்பாணியை நீக்கி மூங்கிலாணியை வைக்குமாறு சந்து செய்தான். அங்கத்தட்டில் போர் கடுமையாக நடந்தது. ஓங்கி வீசிய வேளையில் ஆரோமலின் வாள் முறிந்து வீழ்ந்தது. உடலில் காயம்பட்டும் அவன் கலங்கவில்லை. எஞ்சிய முறிவாளைக் கொண்டே அரிங்ஙோடரை வீழ்த்தினான். வெற்றி அவனுடையதாயிற்று. களைத்துப்போன அவன் மைத்துனன் மடியில் தலை வைத்துக் கண்ணயர்ந்தான். அப்பொழுது சந்து குத்துவிளக்கின் தண்டால் அவன் காயத்திற் குத்தினான். ஆரோமல் தன் கச்சையை அவிழ்த்துக் காயத்தை இறுகக் கட்டிக்கொண்டு வீடு திரும்பினான். நடந்ததைத் தன் குடும்பத்தார்க்கு உரைத்து உயிர்விட்டான்.

அங்கத்தட்டில் ஆரோமல் இறந்திருந்தால் புத்தூரம் வீட்டார் அழுதிருப்பர்; ஆனால் பழி கொண்டிருக்கமாட்டார். போரில் இறப்பது சேகவர்க்குத் தொழிலில் நேரும் முடிவு. இங்கு நிகழ்ந்ததோ அதுவன்று. உண்டு வளர்ந்த வீட்டுக்குச் செய்த இரண்டகம். ஒரே களரி மண்ணைத் தொட்டு வணங்கியவனுக்கு இழைத்த கேடு. வேலியின் முதல் தூண் சாய்ந்தது. உடனே இரண்டாவது தூணும் சாய்ந்தது. இறந்தவனுக்காகப் பழிவாங்கும் கடமை அவன் குடும்பத்தின்மேல் ஏறியது. இதனையே மலையாளத்தில் குடிப்பகை என்பர். இது தனியொருவன் தனியொருவன்மேற் கொண்ட பகை அன்று, குடியின் பகை. பகை கொண்டவன் இறந்தாலும் அது இறவாது. சொத்தைப்போல அடுத்த தலைமுறைக்கு உரிமையாகும்.

உண்ணியார்ச்சையின் மகன் ஆரோமலுண்ணி அவ்வுரிமைக்குப் பிறந்தான். மாமன் இறந்தபோது நிகழ்ந்தவற்றை அவன் கண்ணாற் காணவில்லை. சந்துவோடு அவனுக்குத் தனிப்பட்ட வழக்கு ஒன்றும் இல்லை. ஆயினும் களரிப் பயிற்சி முடிந்ததும், ஆரோமலின் மகன் கண்ணப்பனுண்ணியோடு கோலத்துநாடு சென்று, முதுமையை அணுகிக்கொண்டிருந்த சந்துவைப் போருக்கு அழைத்துக் கொன்றான். பாடல் இதனை வெற்றியாகவே கொண்டாடுகிறது. ஆனால், ஓரிளைஞன் தான் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய பகைக்காகத் தன் உயிரைப் பணயமாக வைக்கவேண்டியிருந்தது என்பதனை நாம் மறத்தலாகாது.

ஆசான்மேற் கொண்ட பற்றும் இவ்வாறே பழியாக மாறியதுண்டு. வடகரையை அடுத்த தச்சோளி மாணிக்கோத்து வீட்டு வீரன் ஒதேனன், பாடல்களில் மிகுதியாகப் புகழப்படுபவன். அவனுக்கும் கதிரூரைச் சேர்ந்த களரி ஆசான் ஒருவருக்கும் எழுந்த சொற்பூசல், இருவர் மானத்தையும் தீண்டும் அறைகூவலாக வளர்ந்தது. கும்ப மாதத்தில் பொன்னியம் என்னும் இடத்து வயலில் இருவரும் பொருதனர். ஆசான் மாண்டார், ஒதேனன் வென்று திரும்பினான். வழியில், தன் கட்டாரியைக் களத்திலேயே மறந்துவிட்டமை அவன் நினைவுக்கு வந்தது. உடன் வந்தோர், 'திரும்பிச் செல்லுதல் தகாது. பகைவர் இன்னும் அங்கே இருப்பர்' என்று தடுத்தனர். படைக்கலத்தைக் களத்தில் விட்டு வருதல் தோற்று ஓடியவன் செயல் என்று கருதிய ஒதேனன் அதனை ஏற்கவில்லை, தனியே திரும்பினான். மாண்ட ஆசானின் பக்கத்தைச் சேர்ந்த ஒருவன் மறைந்திருந்து துப்பாக்கியாற் சுட்டான். வாளால் வெல்ல முடியாத வீரன் குண்டுபட்டு மடிந்தான். அப்பொழுது அவனுக்கு வயது முப்பத்திரண்டு என்று பாடல் கூறும்.

இக்கதையில் குற்றவாளி யார்? மறைந்திருந்து சுட்டவன் போர்முறை தவறினான் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவனும் தன் உள்ளத்தில் ஆசானுக்குக் கடன் தீர்த்தவனாகவே நின்றிருப்பான். ஒதேனனோ ஒரு கட்டாரிக்காக உயிரை இழந்தான். இருவரையும் செலுத்தியது மானம் என்னும் ஒரே உணர்ச்சி. அளவுக்குள் நிற்கும் வரையில் மானம் ஒருவனைத் தீய செயலிலிருந்து விலக்குகிறது. அளவு கடந்தபோது அதுவே அவனைத் தீய செயலுக்கு ஏவுகிறது.

தனி வீட்டுப் பகையே இத்தகையதாயின், நாட்டுக்கும் நாட்டுக்கும் நேர்ந்த குடிப்பகை எத்தகையதாயிருக்கும்? ஆழ்வார்களால் பாடப்பெற்ற திருநாவாய், பாரதப்புழைக் கரையில் உள்ளது. அங்கே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாமாங்கம் என்னும் பெருவிழா நடந்தது. விழாவின் தலைமையை வள்ளுவநாட்டு மன்னர் பெற்றிருந்தார். கோழிக்கோட்டுச் சாமூதிரி படைவலியால் அவ்வுரிமையைக் கவர்ந்துகொண்டார். அன்றுமுதல் ஒவ்வொரு மாமாங்கத்தின்போதும் வள்ளுவநாட்டிலிருந்து வீரர் சிலர் வந்தனர். மேடைமீது நிற்கும் சாமூதிரியைக் கொல்வது, அன்றேல் மடிவது என்பது அவர் உறுதி. அவரைச் சாவேர் என்றனர். சாவதற்கென்றே வந்தவர் என்பது அப்பெயரிலேயே விளங்கும்.

1695ஆம் ஆண்டு மாமாங்கத்தைப் பற்றி அலெக்சாந்தர் ஆமில்தன் என்னும் ஸ்காட்லாந்து வணிகர் எழுதியுள்ளார். அவ்வாண்டில் வந்த சாவேர் மூவர் மட்டுமே. பல்லாயிரம் காவலரின் ஈட்டிகளுக்கிடையே அவர்கள் வாளும் பரிசையும் ஏந்திப் பாய்ந்து, பலரைக் கொன்று மடிந்தனர். அவருள் ஒருவரோடு வந்த மருமகனுக்குப் பதினைந்து அல்லது பதினாறு வயதே இருக்கும். மாமன் வீழ்ந்தமை கண்ட அச்சிறுவன் காவலைக் கிழித்துக்கொண்டு மேடைவரை சென்று, சாமூதிரியின் தலையை நோக்கி வாளை ஓங்கினான். மேலே தொங்கிய பெரிய பித்தளை விளக்கு ஒன்று அவ்வீச்சைத் தடுத்தது. அடுத்த நொடியில் காவலர் அவனைக் கொன்றனர். 1766ஆம் ஆண்டில் ஐதர் அலி மலபாரைக் கைப்பற்றிய பின்னர் மாமாங்கம் நின்றது. அதுவரையில் எத்தனையோ தலைமுறை இளைஞர் அவ்வாற்று மணலில் மாண்டும், இழந்த தலைமை வள்ளுவநாட்டுக்கு மீளவில்லை.

பகையைத் தலைமுறைதோறும் காத்துவரும் குடி, கதையையும் காத்துவருகிறது. ஆனால் அது காத்துவரும் கதை தன் பக்கத்துக் கதை மட்டுமே. சந்துவைப் பற்றி நாம் அறிவதெல்லாம் புத்தூரம் வீட்டைப் புகழும் பாடல்கள் வாயிலாகவே. சந்துவின் பக்கத்திலிருந்து பாடியவர் இலர். எழுத்தாளர் எம். டி. வாசுதேவன் நாயர் இவ்விடத்தைத் தொட்டார். 1989ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஒரு வடக்கன் வீரகாதா' என்னும் மலையாளத் திரைப்படத்தில், சந்துவை வஞ்சகனாகக் காட்டாமல், பிறரால் வஞ்சிக்கப்பட்டுப் பழி சுமந்தவனாகக் காட்டினார். அது கற்பனையே, ஆயினும் மக்கள் அதனை விரும்பி ஏற்றனர். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பளித்து வாளெடுப்பது எத்துணை இடர் நிறைந்தது என்பதனை அக்கற்பனை உணர்த்திற்று.

காலம் மாறியது. ஆங்கிலேயரை எதிர்த்துக் காட்டில் நின்று போரிட்ட பழசி அரசர் 1805ஆம் ஆண்டில் மடிந்தார். அப்போராட்டக் காலத்தில் ஆங்கில ஆட்சியினர் மலபார் மக்களிடமிருந்து படைக்கலங்களைப் பறித்தனர். பின்னர் நீதிமன்றங்கள் ஏற்பட்டன, அங்கங்கள் வழக்கொழிந்தன. களரிகள் பல பாழடைந்தன. எனினும் கோட்டக்கல் கணாரன் குருக்கள் போன்ற சில ஆசான்கள் இக்கலையை மறையாமற் காத்தனர். அவருடைய மாணவர் நாராயணன் நாயர் 1930களில் தலைச்சேரியில் களரி நிறுவி, பொதுமக்கள் முன்னிலையில் இக்கலையை நிகழ்த்திக் காட்டினார். வடகரையில் 1949ஆம் ஆண்டில் கடத்தநாடன் களரி சங்கம் தோன்றியது. சிறுமியாகக் களரியில் அடி வைத்து, ஆசானாக உயர்ந்து, அங்கே பயிற்றி வந்த மீனாட்சியம்மா என்னும் மூதாட்டியார்க்கு இந்திய அரசு 2017ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அளித்தது. 2022ஆம் ஆண்டில் அரியானாவில் நடந்த இளைஞர் விளையாட்டு விழாவில் களரிப்பயிற்றும் ஒரு போட்டியாக இடம்பெற்றது. ஒதேனன் வீழ்ந்ததாகக் கூறப்படும் பொன்னியம் வயலில், கும்ப மாதத்தில் களரி விழா நடத்தும் வழக்கமும் ஏற்பட்டுள்ளது. பல களரிகளைச் சேர்ந்தோர் அங்கே கூடி, ஒருவர் திறத்தை ஒருவர் கண்டு பாராட்டுகின்றனர்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறியத்தக்கது யாது? களரி தன் மாணவனுக்கு இரண்டு பாடங்களைக் கற்பித்தது. ஆசானிடத்தும் குடியிடத்தும் உண்மையாக இரு என்பது ஒன்று. கற்ற வலிமையை அடக்கி ஆள் என்பது மற்றொன்று. முதற் பாடத்தை மட்டும் கொண்டு இரண்டாவதை விட்டவர்கள் குடிப்பகைக்கு இரையாயினர். தம் மக்களையும் இரையாக்கினர். பற்று நல்லது, அது நேர்மையை விட்டு விலகாத வரையில் நல்லது. தன் குழுவினர் செய்த பிழையையும் பிழையென்று கூறும் துணிவே பற்றுக்குக் காவலாகும். வாளை உருவும் வலிமை ஆரோமலுண்ணிக்கும் இருந்தது; சாவேர்ச் சிறுவனுக்கும் இருந்தது. உருவிய வாளை உறையிலிடும் உரிமையை அவர்தம் குடி அவர்களுக்கு அளிக்கவில்லை. அந்த உரிமை இன்று களரியிற் பயிலும் ஒவ்வொரு சிறுவனுக்கும் சிறுமிக்கும் கிடைத்துள்ளது. பயிற்சி முடிந்ததும், எதிர்நின்று வாள் வீசியவரோடு இணைந்து நின்று, அவர்கள் அதே மண்ணைத் தொட்டு வணங்கி வெளியேறுகின்றனர்.